செவ்வாய்க்கிழமை எபிசோடைப் பாருங்கள்: புதுத் தொடர்களில் எது தேறும் என்று கண்டுபிடிக்கும் முறை

ஒரு புது சீரியல் தொடங்குகிறது என்றால் சேனல் அதற்கு முந்தைய மூன்று வாரமும் அரை மணிக்கு ஒரு தடவை ப்ரோமோ போடும். ஓடிடியில் புது வெப் சீரிஸ் வந்தால் போனைத் திறந்ததும் அதன் போஸ்டர்தான் முன்னால் நிற்கும். இரண்டுமே உங்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: உங்கள் இரவு நேரத்தை. அதைக் கொடுப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க முடியும். அதற்குச் செலவு சீரியலுக்கு முக்கால் மணி நேரம், வெப் சீரிஸுக்கு ஒன்றரை மணி நேரம்.

முதலில் மணிக்கணக்கு

அரை மணி ஸ்லாட்டில் வரும் ஒரு சீரியலை விளம்பரம் இல்லாமல் ஓடிடியில் திறந்தால் சுமார் 22 நிமிடம் ஓடும். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 132 நிமிடம். வருடத்துக்கு 114 மணி நேரம். அதையே டிவி முன்னால் உட்கார்ந்து விளம்பரத்தோடு பார்த்தால் 156 மணி நேரம். நடுவில் உள்ள 42 மணி நேரம் சோப்பும் நகைக்கடையும் எடுத்துக்கொள்வது.

வெப் சீரிஸ் வேறு கணக்கு. 45 நிமிடத்தில் 8 எபிசோடு என்றால் 6 மணி நேரம். ஒரு சீரியலுக்கு வருடம் முழுக்கக் கொடுக்கும் நேரத்தில் இப்படி 19 வெப் சீரிஸ் பார்த்து முடிக்கலாம். இதனால் சீரியல் வேண்டாம் என்று ஆகிவிடாது. தினமும் அதே நேரத்தில் அதே முகங்கள் வீட்டுக்கு வருவது ஒரு தனி சுகம், அதை எந்த வெப் சீரிஸும் தராது. ஆனால் சீரியலுக்குச் சம்மதிப்பது பெரிய ஒப்பந்தம். 2003-ல் தொடங்கி 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,500 எபிசோடுகளைத் தாண்டியது. 22 நிமிடம் வீதம் அது 550 மணி நேரம். எனவே சீரியலைத் தேர்ந்தெடுப்பதில்தான் கண்டிப்பு அதிகம் வேண்டும், வெப் சீரிஸில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: வெப் சீரிஸுக்கு நாலு விமர்சனம் படிக்கிறோம், சீரியலோ எட்டு மணி சீரியல் முடிந்ததும் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் வீட்டு அளவைப் போட்டுப் பாருங்கள். இரவில் தினம் ஒரு மணி நேரம்தான் ஓய்வு என்றால் வாரத்துக்கு 7 மணி. இரண்டு சீரியல் (ஓடிடியில்) 4 மணி 24 நிமிடம் எடுக்கும். மிச்சம் 2 மணி 36 நிமிடம். அதில் ஒரு வெப் சீரிஸை முடிக்க இரண்டரை வாரம் ஆகும். மூன்றாவது சீரியல் சேர்ந்தால் மிச்சம் அரை மணிக்குக் கீழே போய்விடும், அதற்குமேல் வேறெதையும் பார்க்க முடியாது. ஆகவே இரண்டே சீரியல் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும்.

பெயர்ப் பலகையைப் படிப்பது

ப்ரோமோவில் நாயகன், நாயகி, ஒரு அறை, ஒரு கண்ணீர் இருக்கும். இவற்றால் முடிவெடுக்க முடியாது. பார்க்க வேண்டியது நான்கு பெயர்: கதை, திரைக்கதை, வசனம், இயக்கம். டைட்டில் பாட்டு ஓடும்போது இவை இரண்டு மூன்று நொடிதான் நிற்கும். ஓடிடியில் அந்த இடத்தில் நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் சின்னத்திரையில் நடிகரைவிட இயக்குநரின் குணம்தான் நீண்ட நாள் நிற்கும். ‘மெட்டி ஒலி’ (2002–2005), ‘நாதஸ்வரம்’ (2010–2015) இரண்டையும் இயக்கியவர் திருமுருகன். இரண்டிலும் பெரிய குடும்பம், வீட்டுப் பெண்களின் கல்யாணக் கவலை, வாசல் திண்ணைப் பேச்சு. ஒன்று பிடித்தவருக்கு இன்னொன்றும் பிடிக்கும். ‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வம்தான் 2022-ல் ‘எதிர்நீச்சல்’ கொண்டுவந்தார். இடையில் பன்னிரண்டு வருடம் போயும், குடும்ப அதிகாரத்தோடு மோதும் பெண்கள் என்ற அவருடைய பிடி மாறவில்லை. புதுத் தொடர் அறிவிப்பில் தெரிந்த இயக்குநர் பெயர் இருந்தால், அவருடைய முந்தைய தொடரை நீங்கள் கடைசி வரை பார்த்தீர்களா, பாதியில் விட்டீர்களா என்பதை நினைவுபடுத்துங்கள். அதைவிட நல்ல விமர்சனம் கிடையாது.

தினத்தொடரில் வசனமும் திரைக்கதையும் எழுதுபவர்கள் நடுவில் மாறுவது உண்டு. “முன்ன மாதிரி இல்லையே” என்று வீட்டில் பேச்சு எழும் வாரத்தில் டைட்டிலை மறுபடி நிறுத்திப் பாருங்கள், பெயர் மாறியிருக்கக்கூடும்.

வெப் சீரிஸில் இயக்குநர் ஒருவர், கதையை உருவாக்கியவர் வேறொருவர் என்று இருக்கும். ‘சுழல்’ (2022) தொடரை எழுதி உருவாக்கியவர்கள் புஷ்கர்–காயத்ரி, இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். இங்கே உருவாக்கியவர் பெயரைப் பின்தொடருங்கள். இரண்டாம் சீசன் வரும்போதும் அந்தப் பெயர் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ரீமேக்கா என்று கேளுங்கள்

வங்காளம், இந்தி, மலையாளம், தெலுங்கில் ஓடியதன் தழுவலாகப் பல தமிழ்த் தொடர்கள் வருகின்றன. தொடரின் பெயரையும் ‘ரீமேக்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தழுவலாக இருப்பது குறை இல்லை. மூலம் ஏற்கெனவே ஓரிடத்தில் தேறிய கதை என்பதால் முதல் வருடம் பெரும்பாலும் உறுதியாகவே போகும். சிக்கல் பிறகுதான்.

‘பாக்கியலட்சுமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலமான வங்காளத் தொடர் ‘ஸ்ரீமோயி’ 2019-ல் தொடங்கி 2021-ல் முடிந்தது. தமிழில் 2020 ஜூலையில் தொடங்கி 2025 ஆகஸ்ட் வரை, ஐந்து வருடம் ஓடியது. அதாவது மூலக்கதை முடிந்த பிறகும் நீண்ட காலத்துக்குத் தமிழ்க் குழுவே கதையைச் சேர்த்து ஓட்டியிருக்கிறது. பல ரீமேக்குகளில் இப்படி ஒரு தையல் இருக்கும். மூலம் எத்தனை வருடம் ஓடியது, எங்கே முடிந்தது என்று தொடக்கத்திலேயே குறித்து வைத்தால், அந்த இடம் வந்ததும் நிதானமாக யோசித்துத் தொடரலாம் அல்லது திருப்தியோடு இறங்கிக்கொள்ளலாம்.

வெப் சீரிஸ் ரீமேக் என்றால் இன்னும் எளிது. ‘தலைவெட்டியான் பாளையம்’ (2024, 8 எபிசோடு) இந்தி ‘பஞ்சாயத்’தின் தழுவல். இந்தி மூலத்தைப் பார்த்தவர் முதல் எபிசோடை மட்டும் பார்த்து, ஊரும் பேச்சும் நம்முடையதாக மாறியிருக்கின்றனவா, வெறும் சட்டை மாற்றலா என்று முடிவு செய்தால் போதும். மூலத்தைப் பார்க்காதவருக்கு இது புதுக்கதைதான்.

செவ்வாய்க்கிழமைச் சோதனை

சீரியலைச் சோதிக்க முதல் எபிசோடு உதவாது. முதல் இரண்டு வாரத்துக்குத்தான் வெளிப்புறப் படப்பிடிப்பு, திருவிழாக் கூட்டம், கல்யாண மண்டபம், ட்ரோன் ஷாட் எல்லாம். பணமும் நாளும் அங்கேதான் செலவழிக்கப்படும். மூன்றாவது வாரத்தில் கதை வீட்டுக்குள் வந்து உட்காரும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நீங்கள் பார்க்கப்போவது அந்த வீட்டைத்தான்.

கிழமையும் முக்கியம். சனிக்கிழமை எபிசோடு, ஞாயிறு முழுக்க உங்களைக் காத்திருக்க வைக்கிற மாதிரி ஒரு திடுக்கிடலில் முடியும். திங்கள் அந்தத் திடுக்கிடலை அவிழ்க்கும். செவ்வாயும் புதனும்தான் எந்த ஒப்பனையும் இல்லாத நாட்கள். எனவே இரண்டு வாரம் தொடாமல் விட்டுவிட்டு, மூன்றாவது வாரத்தின் செவ்வாய், புதன் எபிசோடுகளை ஓடிடியில் அடுத்தடுத்துப் பாருங்கள். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவி தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-லும் கிடைக்கும். ஆகும் நேரம் 44 நிமிடம்.

முந்தைய கதை தெரியாதே என்று தயங்க வேண்டாம். தெரியாமல் பார்ப்பதே முதல் சோதனை. ரீகேப்பும் ஒரு எபிசோடும் பார்த்ததில் அத்தனையும் புரிந்துவிட்டது என்றால், நீங்கள் விட்ட 13 எபிசோடுகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, இவள் ஏன் அவனோடு பேசவில்லை என்று இரண்டு மூன்று கேள்வி எழுந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கத் தோன்றினால் அது நல்ல அறிகுறி.

கையில் ஒரு துண்டுத் தாள், பேனா, போன் ஸ்டாப்வாட்ச். முதலில் குறிக்க வேண்டியது புதுச் செய்தி. எபிசோடு தொடங்கும்போது ஒரு பாத்திரத்துக்குத் தெரியாதது, முடியும்போது தெரிந்திருந்தால் ஒரு கோடு போடுங்கள். யாராவது திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை எடுத்தால், வீட்டை விட்டுப் போனால், கையெழுத்துப் போட்டால், உண்மையைச் சொன்னால் அதற்கும் ஒரு கோடு. கோபப்பட்டதற்கும் அழுததற்கும் கோடு கிடையாது. 22 நிமிடத்தில் மூன்று கோடு விழுந்தால் அந்தத் தொடரை எழுதுபவர்கள் உழைக்கிறார்கள். இரண்டு என்றால் அடுத்த செவ்வாய் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். ஒன்றோ சுழியமோ என்றால் அங்கேயே விடுங்கள்.

இரண்டாவது, ரியாக்‌ஷன் ஷாட். இதை ஒரு தடவை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் பிறகு எப்போதும் கண்ணில் படும். கூடத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். மருமகள் ஒரு வாக்கியம் சொல்கிறாள். மாமியார் கையிலிருந்த தட்டு விழுகிறது. கேமரா முதலில் தட்டைக் காட்டும், பிறகு மாமியார் முகம், மாமனார் முகம், மூத்தவன், அவன் மனைவி, இளையவன், கடைசியில் சமையலறை வாசலில் நிற்கும் சித்தி. ஆளுக்கு நாலு நொடி, இடி முழக்கத்தோடு. அரை நிமிடம் போயிற்று. தட்டு விழுவதை மறுபடி ஸ்லோமோஷனில் காட்டி முகங்களை இன்னொரு சுற்று வந்தால் ஒரு நிமிடம். அங்கே ‘தொடரும்’ போட்டுவிட்டு, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்கி அதே சுற்றைத் திரும்பக் காட்டினால் இரண்டு நிமிடம். ஒரு தட்டு கீழே விழ இரண்டு நாளும் இரண்டு நிமிடமும். ஒரு எபிசோடில் இப்படிப்பட்ட சுற்றுகள் மொத்தமாக இரண்டு நிமிடத்துக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நாலு நிமிடத்தைத் தாண்டினால் அந்த எபிசோடுக்கு எழுதப்பட்ட பக்கங்கள் போதவில்லை என்று பொருள்.

மூன்றாவது, ஒட்டுக்கேட்பது. கதை நகர்வதற்காக யாராவது கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது, பாதி மட்டும் கேட்டுவிட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வது, சொல்ல வந்தவர் வாயைத் திறக்கும்போது போன் அடிப்பது. வாரத்துக்கு ஒன்று என்றால் பரவாயில்லை. பார்த்த இரண்டு எபிசோடிலும் இருந்தால் அந்தத் தொடர் இதை வைத்தே ஓடப்போகிறது.

நான்காவதைத்தான் இவை அனைத்திலும் உயர்வாக நினைக்கிறோம்: பாத்திரங்களுக்கு வேலை இருக்கிறதா, அது கண்ணில் படுகிறதா? ‘பெரிய பிசினஸ்மேன்’ என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கக் கூடத்திலேயே நிற்கிற மனிதரால் கதைக்கு ஒரு பயனும் இல்லை. ‘சிறகடிக்க ஆசை’ தொடரில் முத்து கார் ஓட்டுபவன், மீனா பூக்கட்டி விற்பவள். சவாரி, பூ ஆர்டர், அன்றைய வரும்படி என்று வெளியுலகம் கதைக்குள் வந்துகொண்டே இருக்க அதனால் இடம் கிடைக்கிறது. பாத்திரத்துக்குப் பிழைப்பு இருந்தால் அதிலிருந்து புதிய ஆட்களும் புதிய சிக்கலும் வரும். இல்லாவிட்டால் விஷம், கடத்தல், ஞாபக மறதி என்றுதான் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக இன்னொன்று. புதன் எபிசோடின் பாதியைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்டால் போதும். ஒன்றும் விடுபடவில்லை என்றால் அது கேட்கும் தொடர். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக உட்கார வேண்டாம், உங்கள் இரண்டு இடத்தில் ஒன்றையும் கொடுக்க வேண்டாம். “இப்ப என்ன ஆச்சு?” என்று தலையைத் திருப்ப வைத்தால் அது பார்க்கும் தொடர், அதற்குத்தான் இடம்.

டிஆர்பியும் நட்சத்திரமும்

டிவி பார்ப்பவர்களைக் கணக்கிடும் ‘பார்க்’ (BARC) அமைப்பு வாரந்தோறும் வெளியிடும் கணக்கைத்தான் நாம் டிஆர்பி என்கிறோம். சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்தின் எண்கள் அடுத்த வியாழக்கிழமை வரும். நாடு முழுக்க 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் பொருத்திய மீட்டர்களிலிருந்து எடுப்பது இது. அந்த எண் சொல்வது, சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் அந்த நிகழ்ச்சியில் இருந்தார்கள் என்பதை. பிடித்துப் பார்த்தார்களா, முந்தைய சீரியலுக்குப் பிறகு ரிமோட்டை எடுக்கவில்லையா என்பதை அது சொல்லாது.

ஆகவே முதல் வார எண்ணை நம்ப வேண்டாம், அதில் பாதி முந்தைய ஸ்லாட்டின் தயவு. ஒரு சேனலின் தொடரை இன்னொரு சேனலின் தொடரோடு ஒப்பிடுவதும் சரிவராது, சேனல்களின் வீச்சு வேறு வேறு. பயன்படும் ஒப்பீடு ஒன்றே: அதே சேனலில், அதே ஸ்லாட்டில் இதற்கு முன் ஓடிய தொடரைவிட ஆறாவது வாரத்தில் இது மேலே இருக்கிறதா, கீழேயா? கீழே போய்க்கொண்டே இருந்தால் அந்தத் தொடரின் நேரம் மாறலாம், அவசரமாக முடிக்கவும் படலாம். நல்ல தொடராக இருந்தாலும் பாதியில் அறுந்த கதையைப் பார்க்க நேரும்.

விஜய் டிவி தொடர்களுக்கு பிக் பாஸ் காலத்தையும் கணக்கில் வையுங்கள். 2020-லிருந்து அது அக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. தினமும் இரவு நேரத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொள்வதால், பக்கத்துத் தொடர்களின் நேரம் முன்னும் பின்னும் நகரும். செப்டம்பரில் ஒரு புதுத் தொடரைப் பிடித்து நேரத்தைப் பழகினால் அடுத்த மாதமே அது குழம்பக்கூடும். ஓடிடியில் பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வெப் சீரிஸுக்கு ஐஎம்டிபி நட்சத்திரம் பார்ப்பவர்கள் மொத்த எண்ணைப் பார்க்காமல், வாக்குகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்ற படத்தைத் திறந்து பாருங்கள். 10-ம் 1-ம் மட்டும் உயரமாக நின்றால் ரசிகர்களும் எதிரிகளும் மட்டுமே வாக்களித்திருக்கிறார்கள். ஒரு வாரம் பொறுங்கள். 6, 7, 8 நிரம்பத் தொடங்கும்போதுதான் சாதாரண ஆட்கள் பார்க்கிறார்கள். யூடியூப் விமர்சனத்தில் கட்டண விளம்பரம் என்ற குறிப்பு தொடக்கத்தில் மூலையில் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெப் சீரிஸ்: இரண்டாவது எபிசோடின் முடிவில் நில்லுங்கள்

இங்கே பலவீனம் வேறிடத்தில் இருக்கும். முதல் எபிசோடு எப்போதும் நன்றாகவே இருக்கும், தளத்திடம் ஒப்புதல் வாங்கிக் கொடுத்ததே அதுதான். பிரச்சினை நடுவில். இரண்டரை மணி நேரப் படத்துக்கான கதையை எட்டாகக் கிழித்தால் நாலாவதிலிருந்து ஆறாவது வரை போலீஸ் ஜீப் போய்க்கொண்டே இருக்கும், சந்தேக ஆள் ஒவ்வொருவராக வந்து விலகுவார். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க இரண்டாவது எபிசோடு உதவும். முதல் எபிசோடில் எழுந்த கேள்வியை இரண்டாவது கொஞ்சமாவது மாற்ற வேண்டும். ‘கொலை செய்தது யார்’ என்று தொடங்கி, இரண்டாவதின் முடிவிலும் அதே கேள்வி அதே உருவத்தில் நின்றால் நடுப்பகுதி தேங்கும். ‘இவள் உண்மையில் யார்’, ‘ஊர் எதை மறைக்கிறது’ என்று கேள்வி புரண்டிருந்தால் தைரியமாக எட்டையும் பார்க்கலாம்.

அடுத்தது இடம். ஊர் பெயர் சொல்லப்பட்டால் மட்டும் போதாது, அந்த ஊரில் மட்டும் நடக்கக்கூடியது ஏதாவது இருக்க வேண்டும். ‘சுழல்’ முதல் சீசனில் மயானக் கொள்ளைத் திருவிழா பின்னணி அலங்காரமாக நிற்காமல் கதையின் நாட்களையே எண்ணித் தருகிறது. ‘அயலி’ (2023, 8 எபிசோடு) 1990-களின் ஒரு கிராமத்தில், பூப்படைந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. டாக்டராக நினைக்கும் சிறுமி வயதுக்கு வந்ததை மறைக்கிறாள். இந்த ஒரு முடிச்சை வேறு ஊருக்கு, வேறு காலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நீங்கள் பார்ப்பதை அப்படியே மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ மாற்றினாலும் ஒன்றும் குறையாது என்று தோன்றினால், எழுதியவர்கள் ஊரைப் பார்க்கவில்லை.

தொடங்கும் முன் எபிசோடு எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். ஓடிடியில் இருப்பதெல்லாம் ஆறு மணி நேரத்தில் முடிவதில்லை. 2024 மார்ச்சில் தொடங்கிய ‘ஹார்ட் பீட்’ வாராவாரம் வெளியாகி முதல் சீசனிலேயே 100 எபிசோடுகளுக்கு ஓடியது. அப்படிப்பட்டதற்குச் செவ்வாய்க்கிழமைச் சோதனைதான் பொருத்தம், பத்தாவது எபிசோடுக்கு மேல் ஏதாவது இரண்டை எடுத்துச் சோதியுங்கள். முடிவு மூடப்படுகிறதா என்பதையும் கதை தெரியாமல் விசாரிக்கலாம். “இந்த சீசனிலேயே வழக்கு முடியுதா?” என்று மட்டும் பார்த்தவரிடம் கேளுங்கள். ‘சுழல்’ முதல் சீசனின் வழக்கு அதிலேயே முடிகிறது, 2025-ல் வந்த இரண்டாவது வேறொரு வழக்கை எடுத்துக்கொண்டது. தொங்கலில் முடியும் தொடரை அடுத்த சீசன் அறிவித்த பிறகு பார்ப்பது நிம்மதி.

டப்பிங் தொடரை மொழிப் பட்டியலை வைத்துக் கண்டுபிடியுங்கள். ஆடியோவில் ‘மூலம்’ (Original) என்ற குறிப்பு எந்த மொழிக்கு எதிரே இருக்கிறதோ அதுதான் எடுக்கப்பட்ட மொழி. டப்பிங் என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை. விஜய் டிவியில் வந்த ‘மகாபாரதம்’ டப்பிங்தான், வீடு வீடாகப் பார்த்தார்கள். புராணக் கதைக்கு மேடைத் தமிழ் பொருந்தும். சமகாலக் கதையில் பக்கத்து வீட்டுக்காரர் “நீ இப்படிச் செய்வாய் என நான் எதிர்பார்க்கவில்லை” என்று பேசினால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அப்போது மூல ஆடியோவும் தமிழ் சப்டைட்டிலும் வைத்துப் பாருங்கள். சப்டைட்டில் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் கூட இருந்தால் அந்தத் தொடரைக் குடும்பப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

குழந்தைகள் இருக்கும் கூடத்தில் போடுவதற்கு முன் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். 2021 விதிகளின்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்து வகை. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்பது விதி. செட்டிங்கில் பின் நம்பர் போட்டுவிடுங்கள். பக்கத்திலேயே வன்முறை, வசைச் சொல் என்று காரணமும் எழுதியிருக்கும். எண்ணைவிட அந்தச் சிறு வரிதான் உதவும்.

செலவில் நடக்கும் தவறு ஒன்றுதான்: ஒரே தொடருக்காக வருடச் சந்தா. முதலில் உங்கள் மொபைல் ரீசார்ஜிலோ பிராட்பேண்டிலோ அந்தத் தளம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்தத் தளத்தில் தேறிய தொடர்கள் மூன்று சேரும்வரை பொறுத்து ஒரு மாதச் சந்தா எடுங்கள். மூன்றும் சேர்ந்து 18 மணி நேரம், அதாவது தினம் 36 நிமிடம். இரண்டு சீரியலும் ஓடும் வீட்டில் மாதத்துக்கு இரண்டு வெப் சீரிஸே போதும். பணம் கட்டிய அன்றே ஆட்டோபேயை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான தளங்களில் மாதம் முடியும்வரை பார்க்க முடியும். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு நெட்ஃப்ளிக்ஸ் சொல்லும் கணக்கு, சாதாரணத் தரத்தில் மணிக்குச் சுமார் 1 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை. தினம் 1.5 ஜிபி திட்டத்தில் எச்டி வைத்தால் அரை மணியில் எபிசோடு நடுவில் நின்றுவிடும். ‘அடுத்த எபிசோடு தானாக ஓடட்டும்’ என்ற வசதியையும் அணைத்து வையுங்கள். இரண்டாவதின் முடிவில் நின்று யோசிக்க வேண்டும் என்றால் அது நிற்க வேண்டும் அல்லவா.

ரியாலிட்டி நிகழ்ச்சிகளுக்கு இத்தனை சோதனை தேவையில்லை. பிக் பாஸில் சனி, ஞாயிறு மட்டும் பார்த்தால் வார நாட்களின் சாரம் தொகுப்பாளர் வாயாலேயே வந்துவிடும். பாட்டுப் போட்டியில் நல்ல பாடல்கள் மறுநாளே தனித்துண்டாக யூடியூபில் வந்துவிடும்.

பார்த்துக்கொண்டிருப்பதை எப்போது விடுவது

சில அடையாளங்கள் வந்தால் செவ்வாய்க்கிழமைச் சோதனையைத் திரும்ப நடத்துங்கள். ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டை அதில் ஒன்று. துணைப் பாத்திரம் என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடும். கதையின் அச்சே மாறினால் பழகாது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். பிறகு அந்த வேடத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். திறமையான நடிகர்தான், ஆனாலும் ஒருவருடைய குரலையும் இழுப்பையும் வைத்தே எழுதப்பட்ட பாத்திரம் இன்னொருவரிடம் போகும்போது வேறு ஆளாகிவிடும். இது யாருடைய குற்றமும் இல்லை. புது ஆளோடு இரண்டு வாரம் பார்த்து, மனம் ஒட்டினால் தொடருங்கள்.

முக்கிய பாத்திரங்கள் நேரில் சந்திக்காமல் நாள் கணக்கில் போனிலேயே பேசினால், பழைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில் அடிக்கடி திரும்பினால், நடிகர்களின் தேதி ஒத்துவரவில்லை அல்லது கையிருப்பு எபிசோடு தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இது பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும், அதுவரை தாண்டிப் போகலாம். இரண்டு தொடர்களை ஒரு மணி நேரமாகக் கோத்து ‘மகா சங்கமம்’ போட்டால் அந்த வாரத்தை அப்படியே விட்டாலும் உங்கள் கதையில் அதிகம் இழக்க மாட்டீர்கள். நாயகியைப் போலவே இன்னொருத்தி வந்து இறங்கினாலோ, எட்டு மணித் தொடர் மதியத்துக்குப் போனாலோ, அது முடிவை நோக்கிப் போகும் தொடர்.

விட முடிவு செய்தால் ஒரு மாதம் முழுதாக விடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்ப்பது விட்டதாகாது. மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ரீகேப்பை மட்டும் போட்டுப் பாருங்கள். கதை வேறிடத்துக்குப் போயிருந்தால் அங்கிருந்து சேர்ந்துகொள்ளலாம். நீங்கள் விட்டுப்போன அதே கல்யாண மண்டபத்தில் அதே தாலி இன்னும் தட்டில் இருந்தால், அடுத்த மாதச் செவ்வாய்க்கு ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டு எழுந்துகொள்ளுங்கள்.